மணியா, வாரமா? நீள்சேவை விடுப்பை எப்படிப் பதிந்து வைப்பது

வரவுசெலவு:
மெல்பர்னில் ஒரு சிறு நிறுவனத்துக்குச் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். பழைய மென்பொருளை விட்டுப் புதியதற்கு மாறுகிறோம். நீள்சேவை விடுப்பில் (ஒரே முதலாளியிடம் பல ஆண்டு வேலை செய்தவருக்குக் கிடைக்கும் சம்பள விடுப்பு) ஒவ்வொருவருக்கும் சேர்ந்திருப்பதை மணிக்கணக்கில் தொடக்க இருப்பாக ஏற்றினால் போதும் என்பது என் கட்சி. வேலை செய்த மணியை 60-ஆல் வகுத்து மென்பொருளே சேர்த்துக்கொள்கிறது. பத்து வருட நேரப் பதிவுகளை எதற்குச் சுமக்க வேண்டும்?

டாண்டினாங் கணக்கர்:
சுமக்கத்தான் வேண்டும். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் 2018 சட்டம் இந்த விடுப்பை வாரத்தில்தான் தருகிறது: 60 வாரச் சேவைக்கு ஒரு வாரம், 7 ஆண்டு முடிந்ததும் எடுக்கலாம். அந்த வாரத்துக்கு எத்தனை மணி என்பது விடுப்பில் போகும்போதுதான் முடிவாகும். அதற்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் வேலை நேரம் மாறியிருந்தால் கடைசி 52 வாரம், கடைசி 260 வாரம், மொத்தச் சேவைக்காலம் ஆகிய மூன்றுக்கும் சராசரி போட வேண்டும். எது அதிகமோ அதைக் கொடுக்க வேண்டும்.

8 ஆண்டு வாரம் 20 மணி, பிறகு ஓராண்டு 38 மணி வேலை செய்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். 9 ஆண்டுக்கு 7.8 வாரம், 38-ஆல் பெருக்கினால் 296.4 மணி. உங்கள் மென்பொருள் சேர்த்து வைத்திருப்பது 171.6. ஏறத்தாழ 125 மணிச் சம்பளம் அந்த மனிதருக்குக் கிடைக்காமல் போகிறது. அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது!

வரவுசெலவு:
போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைகீழாகவும் பாருங்கள். 8 ஆண்டு 38 மணி, கடைசி ஆண்டு 20 மணி என்றால், மூன்று சராசரிகளில் பெரியது 36. அதாவது 280.8 மணி. மணிக்கணக்கில் சேர்த்தாலும் அதே 280.8 வருகிறது. வாரமாக வைத்துக்கொண்டு இன்றைய 20-ஆல் பெருக்குகிறவர் கொடுப்பது 156 மணிதான். வார இருப்பை மட்டும் எப்படி நம்புவது?

டாண்டினாங் கணக்கர்:
வார இருப்பை நம்புங்கள் என்று நான் சொல்லவே இல்லை. இரண்டு இருப்பும் தவறலாம் என்பதால்தான் நேரப் பதிவைத் தூக்கிப் போடாதீர்கள் என்கிறேன்.

மல்லிகை:
நான் கணக்கு அலுவலகத்தில் இல்லை, முதியோர் இல்லத்தில் வேலை. 2020-இல் மகன் பிறந்தபோது ஓராண்டு சம்பளமில்லா விடுப்பில் இருந்தேன். அந்த ஆண்டும் விக்டோரியாவில் சேவையாகச் சேரும். சம்பளம் ஓடாத வாரங்களில் கணினி எதையும் சேர்க்கவில்லை. 52 வாரமும் விட்டுப்போயிருந்தது. விடுப்பு அனுமதிக் கடிதம் மகனின் தடுப்பூசி அட்டையோடு ஒரே உறையில் கிடந்தது. அதைக் காட்டிய பிறகுதான் திருத்தினார்கள். கடிதம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் அண்ணா?

வரவுசெலவு:
இதை நான் யோசிக்கவில்லை, சகோதரி. ஆனாலும் எங்கள் அலுவலகத்தில் சம்பள வேலைக்கு நான் ஒருவன்தான். 40 பேரின் பழைய பதிவுகளையும் வாரம் வாரமாகச் சரிபார்ப்பது நடக்காத காரியம். வேலை நேரம் மாறியவர்கள், சம்பளமில்லா விடுப்பில் போனவர்கள், இவர்களை மட்டும் பார்க்கிறேன்.

டாண்டினாங் கணக்கர்:
அழைத்தால் மட்டும் வரும் பணியாளர்களையும் சேருங்கள், அவர்களுக்கும் இந்த உரிமை உண்டு. சிட்னியில் கிளை இருந்தால் அவர்களைத் தனியாக வையுங்கள். அது இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 10 ஆண்டுக்கு 2 மாதம். சம்பளமில்லா விடுப்பு அங்கே சேவையில் சேராது. இன்னொன்று: விக்டோரியாவில் இந்த விடுப்புப் பதிவுகளை ஒருவர் வேலையை விட்ட பிறகும் 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். பழைய மென்பொருளின் சந்தா முடிந்தால் எதையும் திறந்து பார்க்க முடியாது.

வரவுசெலவு:
சந்தா இந்த மாதம் 30-ஆம் தேதி முடிகிறது. ஒவ்வொருவரின் நேர அறிக்கையையும் அதற்குள் இறக்கி வைத்துவிடுகிறேன். இருப்பை மணியில்தான் ஏற்றுவேன், அதில் மாற்றமில்லை.

டாண்டினாங் கணக்கர்:
ஏற்றுங்கள். பக்கத்தில் வேலையில் சேர்ந்த தேதியையும் மணி மாறிய தேதிகளையும் எழுதி வையுங்கள்.