கடைசி நாட்களில் டிரிப்ஸ், மார்ஃபின்: வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை:
நான் கடும் நோயாளிகளின் வலியையும் அவதியையும் குறைக்கும் நோய் ஆதரவு சிகிச்சையில் (பேலியேட்டிவ் கேர்) வீடு வீடாகப் போகும் நர்ஸ். எந்த வீட்டுக்குப் போனாலும் கிளம்பும்போது யாராவது வாசல்வரை வந்து மெதுவாகக் கேட்பார்கள்: “சிஸ்டர், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா தெம்பு வருமில்ல?”

போன மாசம் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீடு. பெரியவருக்கு நுரையீரல் புற்றுநோய், கல்லீரல்வரை பரவிவிட்டது. சாப்பாடு நின்று, இரண்டு மடக்குத் தண்ணீரோடு சரி. துபாயிலிருந்து வந்திருந்த மகன் பக்கத்து ஊர் ஆள் ஒருவரைக் கூட்டிவந்து டிரிப்ஸ் போட்டிருக்கிறார். நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்தி இரண்டு கையும் கன்றிப்போயிருந்தன. கால் வீங்கி, நெஞ்சில் களகளவென்று சத்தம். “நிறுத்தினா அப்பனைப் பட்டினி போட்டுட்டான்னு ஊரே பேசும் சிஸ்டர்” என்றார். அப்பாவின் தாகத்தைவிட அந்தப் பேச்சுக்குத்தான் அவர் அதிகம் பயந்தார். அவரைக் குறை சொல்லவும் மாட்டேன், துஷ்டி வீட்டில் என்னென்ன பேசுவார்கள் என்று நமக்குத் தெரியாதா?

அவரிடம் ஓர் ஆய்வைச் சொன்னேன். அமெரிக்காவில் ஹூஸ்டனைச் சேர்ந்த எட்வர்டோ புருவேரா என்ற டாக்டரின் குழு செய்து 2013-இல் வெளியிட்டது. நோய் முற்றிய புற்றுநோயாளிகள் 129 பேர். ஒரு பாதிக்குத் தினமும் ஒரு லிட்டர் சலைன் (உப்புநீர் டிரிப்ஸ்), மறு பாதிக்கு வெறும் 100 மில்லி. யாருக்கு எது ஏறுகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, கவனிப்பவருக்கும் தெரியாது. களைப்பு, அரைமயக்கம், இல்லாதது கண்ணில் தெரிவது, உயிரோடு இருந்த நாட்கள் என்று எதிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

மகன் கேட்டுக்கொண்டார், ஆனால் சும்மா உட்கார அவரால் முடியவில்லை. “வாயைப் பாருங்க” என்று டார்ச் அடித்துக் காட்டினேன். நாக்கு வறண்டு வெடித்து வெள்ளை படிந்திருந்தது. மெல்லிய துணியை விரலில் சுற்றித் தண்ணீரில் நனைத்து ஈறு, நாக்கு, கன்னத்தின் உள்பக்கம் துடைக்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். மணிக்கொரு தடவை செய்யச் சொன்னேன். கடைசிக் கட்டத்தில் தாகம் பெரும்பாலும் வாயில்தான் இருக்கிறது. அடுத்த முறை போனபோது அந்த வேலையை அவர் வேறு யாருக்கும் விடவில்லை.

கணக்குவாத்தியார்:
நர்ஸம்மா சொல்வது புத்திக்கு எட்டுகிறது, மனசுக்கு எட்டவில்லை. 129 என்பது சின்ன எண்ணிக்கை. எங்கள் அம்மாவுக்கும் முற்றிய நோய்தான். இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தவருக்கு டிரிப்ஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து, “காப்பியில சர்க்கரையே இல்ல” என்றார். அதற்கப்புறம் பல வாரம் இருந்தார். ஆய்வைக் கேட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த வாரங்கள் போயிருக்கும்.

வைகைக்கரை:
சார், உங்கள் அம்மாவுக்கு நானாக இருந்தாலும் டிரிப்ஸ்தான் சொல்லியிருப்பேன். அவருக்கு வயிற்றுப்போக்கில் நீர்ச்சத்து போயிருந்தது, ஏற்றினால் திரும்பும். கடுமையாக நீர் வற்றிப்போனவர்களை அந்த ஆய்விலேயே சேர்க்கவில்லை. நான் சொன்ன பெரியவருக்கு உடம்பே ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது, அதனால்தான் சாப்பாடு நின்றது. சாப்பாடு நின்றதால் உடம்பு மூடவில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும், அங்கேதான் சிக்கல். எண்ணிக்கை சின்னதுதான், ஒத்துக்கொள்கிறேன். சாகக் கிடப்பவர்களை ஆய்வில் சேர்ப்பதும், முடியும்வரை வைத்திருப்பதும் லேசான காரியம் இல்லை.

சின்னமருமகள்:
மாமியாருக்கு மார்பகப் புற்று, புண்ணாக வெடித்துவிட்டது. வலியைவிட நாற்றம்தான் அவரை அதிகம் வாட்டியது. பேரப்பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார். ஊதுபத்தி, சாம்பிராணி, யூக்கலிப்டஸ் தைலம் எல்லாம் பார்த்தாயிற்று. வீட்டுக்கு வந்த குழு செய்தது ரொம்பச் சாதாரணமான வேலை: மெட்ரோனிடசோல் மாத்திரையை நைசாகப் பொடித்துப் புண்மேல் தூவிக் கட்டினார்கள். அந்த நாற்றம் கிருமியால் வருவது, கிருமியை அடித்தால் குறையும் என்றார்கள். சில நாளில் கூடத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார்.

வலிக்கு மார்ஃபின் (அபினியிலிருந்து எடுக்கும் வலி மருந்து) எழுதினபோது மாமனார் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாங்கவே போகவில்லை. “அது கடைசி மருந்தும்மா, அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல” என்றார். நான்தான் போய் வாங்கினேன். பத்து மில்லிகிராம் மாத்திரை, நாலு மணிக்கொரு தடவை, ராத்திரி படுக்கும்போது இரண்டு. வலி வந்தபின் இல்லை, வருவதற்கு முன்னாலேயே கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கணும். கூடவே மலமிளக்கி. அதை விட்டால் மூணாம் நாள் படும் பாடு தனிக்கதை. வலி அடங்கியதும் மாமியாருக்குப் பழைய குரல் வந்துவிட்டது. முதல் வேலையாக என் ரசத்தைக் குறை சொன்னார்.

மருந்தாளுநர்:
மாமனார் பயந்ததில் ஆச்சரியம் இல்லை, டாக்டர்களே பயந்தார்கள். 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின் இந்தியாவில் மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு சில ஆண்டுகளில் 90 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. ஒரே மருந்துக்குப் பல துறைகளில் உரிமம், எல்லாம் ஒரே நேரத்தில் செல்லுபடியாக இருக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரி இந்த வம்புக்குப் போகும்? இதற்கும் மருந்துக்கான அபினியை நம் நாட்டிலேயே மத்தியப் பிரதேசம், ராஜஸ்தானில் பயிரிடுகிறோம். 2014 திருத்தத்துக்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்கு ஒரே அனுமதி போதும். அதற்குப் பின்னால் கேரளத்து டாக்டர் ராஜகோபால் போன்றவர்களின் பல வருட அலைச்சல் இருக்கிறது. 1993-இல் கோழிக்கோட்டில் வலி, நோய் ஆதரவு சிகிச்சைக்கென்று அமைப்பு தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

உலகம் முழுக்க இதே லட்சணம்தான். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2017-இல் போட்ட கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 298 டன் அளவுக்கு மார்ஃபின் வகை வலி மருந்துகள் விநியோகமாயின, மிக ஏழை நாடுகளுக்குப் போனது 0.1 டன். வலி மட்டும் நாட்டைப் பார்த்தா வருகிறது?

நல்லூரான்:
நான் லண்டனில் ஒரு ஹாஸ்பிஸில் (கடைசிக் கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம்) வேலை செய்கிறேன். இங்கே மருந்துக்குப் பஞ்சம் இல்லை. சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967-இல் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கியது இந்த நகரில்தான். வலிக்கு மார்ஃபினைவிட ஹெராயின்தான் உசத்தி என்று அந்தக் காலத்தில் இங்கே ஒரு நம்பிக்கை இருந்தது. அங்கே வேலை பார்த்த டாக்டர் ட்வைகிராஸ் இரண்டையும் ஒப்பிட்டு, வாய்வழியே கொடுத்தால் மார்ஃபினே போதும் என்று 1977-இல் காட்டினார். சின்னமருமகள் அக்கா சொன்ன நேரக்கணக்கும் இங்கே பழகி வந்ததுதான்.

நம்மட சனத்திடம் நான் காணும் சிக்கல் வேறு. “அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ” என்பதுதான் பிள்ளைகளின் முதல் வார்த்தை. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், இங்கிலீசு தெரியாது, மகள்தான் டாக்டருக்கு மொழிபெயர்ப்பாள். டாக்டர் ஐந்து வசனம் சொன்னால் அம்மாவுக்கு ஒரு வசனம்தான் போகும். ஒரு நாள் இராத்திரிச் சாமத்தில் நான் தலையணையைச் சரிசெய்தபோது அம்மா கேட்டார்: “தம்பி, என்ர தோட்டை மூத்தவளுக்கும் சங்கிலியைச் சின்னவளுக்கும் குடுக்க வேணும். இதை நான் யாரட்டைச் சொல்லுறது? இவளவைக்கு நான் சாகப்போறது தெரியாது, பாவங்கள்.” காலையில் டாக்டரிடம் சொல்லி, மகளை விட்டுவிட்டு வெளியாள் ஒருவரை மொழிபெயர்க்க வைத்தோம். மகளுக்கு என்மேல் கோபம்தான்.

புதுவரவு:
அப்பாவுக்கு நுரையீரல் புற்று, நாலாம் கட்டம். கீமோ போய்க்கொண்டிருக்கிறது. டாக்டர் பேலியேட்டிவ் பிரிவையும் பார்க்கச் சொன்னார். கைகழுவிவிட்டாரோ என்று வீட்டில் எல்லோரும் அழுகிறார்கள். போகலாமா?

வைகைக்கரை:
போங்க தம்பி, கீமோ நடக்கும்போதே போங்க. உங்கள் அப்பாவைப் போன்றவர்களை வைத்தே பாஸ்டனில் ஓர் ஆய்வு நடந்தது, 2010-இல் வந்தது. புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட, பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேர். ஆரம்பத்திலிருந்தே இந்தப் பிரிவையும் பார்த்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவு, கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகளும் குறைவு. நடுத்தர ஆயுள் (பாதிப்பேர் தாண்டிய காலம்) 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. கடைசி நாளில்தான் கூப்பிடணும் என்று ஒதுக்கி வைத்ததால்தான் எங்களைப் பார்த்தாலே எல்லோரும் எமனைப் பார்த்ததுபோலப் பார்க்கிறார்கள்.

வீட்டுக்கே ஆள் வரணுமென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பற்றிக் கேளுங்கள். 2021-இல் வந்த திட்டம், நோய் ஆதரவு சிகிச்சையும் அதில் உண்டு. ஸ்கேன், பயாப்ஸி, டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் உள்ள பைலைக் கையோடு கொண்டுபோங்க. பின்னால் மார்ஃபின் தேவைப்பட்டால் மாத்திரைக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள், மீந்ததை வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.