பெரிய த்ராட்டில் பாடி மாட்டினேன், பிறகு பழையதையே மாட்டினேன்

அரசலாற்றுக்காரன் (கும்பகோணம்):

என் வண்டி 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் (டர்போ என்பது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும் விசிறி), 78,000 கிலோமீட்டர் ஓடியது. மூன்றாவது கியரில் மிதித்தால் முன்புபோலப் பாயவில்லை என்ற எண்ணம் ஒரு வருடமாக அரித்துக்கொண்டிருந்தது. காற்று போகும் வழியைப் பெரிதாக்கினால் தீர்ந்துவிடும் என்று நானே வைத்தியனாகிவிட்டேன். இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடுவது த்ராட்டில் பாடி. வெர்னியர் வைத்து அளந்தால் பழையதன் வாய் 50 மில்லிமீட்டர். வாங்கியது 60. விட்டத்தில் பத்து மில்லிமீட்டர்தான், ஆனால் பரப்பளவில் 44 சதவீதம் அதிகம். இந்த 44 தான் என்னைக் கவிழ்த்த எண்.

இன்ஜின் பக்கம், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாயான மேனிஃபோல்டின் வாய் 50 ஆகவேதான் இருக்கிறது. 60 ஐ அதில் நேராக உட்காரவைத்தால் உள்ளே படிக்கட்டுபோல ஒரு விளிம்பு நிற்கும், காற்று அதில் முட்டும். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குத் தண்டு கடையும் லேத் பட்டறைக்காரரிடம் போய், ஒரு பக்கம் 60, மறுபக்கம் 50, நடுவில் சரிவு என்று அலுமினியத்தில் ஓர் இடைத்தட்டு கடைந்து வாங்கினேன். கேட்காமலேயே வெளி ஓரத்தில் இரண்டு வளையம் இழைத்திருந்தார். “மொட்டையாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது, தம்பி” என்றார். 44 சதவீதத்தில் பெரும்பகுதி அந்தச் சரிவிலேயே செத்துவிட்டது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மாட்டிய அன்று ஐட்லிங், அதாவது மிதிக்காதபோது இன்ஜின் சுழலும் வேகம், 800 ஆர்பிஎம்மில் நிற்காமல் 700க்கும் 1,100க்கும் இடையே ஊஞ்சலாடியது. இது கேபிள் இழுக்கும் த்ராட்டில் இல்லை, மோட்டார் திறப்பது. முழுவதும் மூடிய நிலை எது என்பதை இன்ஜினை ஆளும் கணினியான ஈசியூ புதிதாகக் கற்க வேண்டும். ஸ்கேனர் போட்டு அதைச் செய்ததும் ஊஞ்சல் நின்றது. நிற்காத தொல்லை வேறொன்று. ஈசியூவின் கணக்கில் அது இன்னும் 50 தான். த்ராட்டிலுக்குள் இருக்கும் தட்டு லேசாகத் திறந்தாலே பழையதைவிட அதிகக் காற்று புகுந்துவிடுகிறது. கும்பேஸ்வரர் கோயில் பக்கம் கூட்டத்தில் ஊர்ந்து போகும்போது, பெருவிரலை அசைத்தால் வண்டி தலையால் முட்டியது. பின் இருக்கையில் அமர்ந்திருந்த அம்மா, “புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்கிறாயா?” என்று கேட்டார்.

ஆனால் விடியற்காலை புறவழிச்சாலையில், மூன்றாவது கியரில் 60 இலிருந்து 100 தொட 7.3 நொடி ஆனது 6.5 ஆகியிருந்தது. தலைகால் புரியவில்லை எனக்கு. மெக்கானிக் தம்பியிடம் சொன்னபோது அவர் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரிலிருந்து த்ராட்டிலுக்கு வரும் ரப்பர் ஹோஸில், கிளிப் இறுகும் இடத்தில், மடிப்புக்குள் நகக்கண் அளவு வெடிப்பு இருந்ததாம். வேலையோடு வேலையாக அதையும் மாற்றிவிட்டாராம். “சொல்ல மறந்துவிட்டேன், அண்ணே.”

அடுத்த ஞாயிறு புது ஹோஸை வைத்துக்கொண்டு, பழைய 50 ஐத் திரும்ப மாட்டினோம். 6.5 நொடி. அதே சாலை, அதே பெட்ரோல் அளவு.

என் வண்டியில் த்ராட்டிலுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு அழுத்த உணரிகள் இருக்கின்றன. முழுதாக மிதித்து 5,500 ஆர்பிஎம்மில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் 50 இல் 2 கிலோபாஸ்கல், 60 இல் 1. மொத்த அழுத்தம் 180. டர்போ இல்லாத இன்ஜினுக்கு வெளிக்காற்றின் அழுத்தம்தான் மூலதனம், வழியில் இழந்தது இழந்ததுதான். டர்போவிலோ ஈசியூ மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்து, டர்போ எவ்வளவு சுழல வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் கதவான வேஸ்ட்கேட்டைச் சரிசெய்கிறது. வழியில் கொஞ்சம் குறைந்தால் டர்போ இன்னும் சற்று சுழன்று ஈடுகட்டிவிடும். அதற்குத் தெம்பு மிச்சம் இருக்கும்வரை 60 க்கு வேலையே இல்லை. அப்படியே இருந்தாலும், கும்பகோணத்திலிருந்து வலங்கைமான், நீடாமங்கலம் வழியாக மன்னார்குடி போவதற்குள் நான் எத்தனை முறை முழுதாக மிதிக்கப்போகிறேன்? ஊருக்கு ஊர் வேகத்தடை.

பாமணியாறு (மன்னார்குடி):

நான் இன்னொரு படி மேலே போனவன். பெரிய த்ராட்டிலோடு, பெட்டியில்லாத கூம்பு ஃபில்டரும் மாட்டினேன், அதுவும் சம்பா அறுவடை நேரத்தில். அறுவடை இயந்திரம் கிளப்பும் சுணை, சாலையில் காயவைத்த நெல்லின் தூசி எல்லாம் மூன்றே வாரத்தில் ஃபில்டரில் மஞ்சள் கம்பளிபோலப் படிந்துவிட்டன. உள்ளே போனது காற்றளவு உணரியின் கம்பியில் ஒட்டி, செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. பழைய பெட்டி ஃபில்டரைத் தேடிப் பிடித்துப் போட்டேன்.

கசிவு பார்க்க ஒரு வழி: ஹோஸின் ஒரு முனையை அடைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்று ஏற்றி, மூட்டுகளில் சோப்புத்தண்ணீர் தடவுங்கள். நுரை வந்த இடம் குற்றவாளி. மூட்டுகளுக்கு நடுவே கசியாமல் வைக்கும் கேஸ்கெட்டையும் விடாதீர்கள்.

ஓடம்போக்கி (திருவாரூர்):

அண்ணன் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பலித்தது. நான் டர்போவையே பெரிதாக்கி, ஈசியூவும் புதிதாக எழுதவைத்தேன். அப்போது த்ராட்டிலின் இரு பக்க வித்தியாசம் 12 கிலோபாஸ்கல் வந்தது. பெரியதைப் போட்டு, மேனிஃபோல்டு வாயையும் கடைந்து, த்ராட்டில் கணக்கையும் ஈசியூவில் மாற்றியபின் 4 ஆனது. தலையால் முட்டவும் இல்லை. செலவைக் கேட்காதீர்கள், வீட்டில் இன்னும் தெரியாது. வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 ஐ வாசித்துவிட்டு, காப்பீட்டுக்காரரிடமும் பேசிவிட்டுக் கை வையுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

அந்த 60 ஐ விற்பதாக இருந்தால் சொல்லுங்கள், அண்ணா. இடைத்தட்டும் சேர்த்துத்தான்.

அரசலாற்றுக்காரன்:

த்ராட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி. தட்டு கிடைக்காது. அம்மா அதன்மேல்தான் காபி டபராவை வைக்கிறார், வளையம் அழகாக இருக்கிறதாம்.