மூன்று சிங்கிள் மால்ட் விஸ்கி (ஒரே வடிசாலையில் முளைவிட்ட பார்லியில் வடித்தது) கையில் இருக்கு, எதில் தொடங்குவது?

ஹட்டன்காரன்:
மச்சான் துபாயிலிருந்து வரும்போதெல்லாம் கொண்டுவந்து சேர்த்ததில் கிளென்ஃபிடிக் 12, டாலிஸ்கர் 10, லாகவூலின் 16 என்று மூன்று ஸ்கொட்ச் போத்தல் இருக்கிறது. சனிக்கிழமை நாலு பேர் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறோம். எங்களுக்குப் பழக்கம் சாராயமும் சோடாவும்தான். லாகவூலினைத் திறந்து மோந்தால் ஆஸ்பத்திரி மருந்து வாடையும் விறகுப் புகையும் வருகிறது, கெட்டுப்போச்சா? ஐஸ் போடலாமா? பைட்ஸுக்கு, அதாவது கூடக் கொறிக்க, காரமான கோழி டெவல் சொல்லியாச்சு.

பழைய டீமேக்கர்:
கெடவில்லை தம்பி, அதன் குணமே அதுதான். லாகவூலின் வரும் ஸ்கொட்லாந்தின் ஐலா தீவில் முளைவிட்ட பார்லியை பீட் புகையில் உலர்த்துவார்கள். பீட் என்பது சதுப்பில் மட்கிய செடிகொடியை வெட்டிக் காயவைத்தது. அந்தப் புகையில் இருக்கும் பீனால் என்ற சேர்மங்களின் மருந்து வாடை வடித்த பிறகும், பீப்பாயில் 16 வருடம் கிடந்த பிறகும் விடாது. நம்ம டீ ஃபேக்டரியில் டிரையர் அடுப்பு ஒழுகித் தேயிலைத் தூளில் புகை ஏறினால் போதும், கொழும்பில் புரோக்கர் ஒரு கரண்டி உறிஞ்சித் துப்பிவிட்டு விலையைக் குறைத்துவிடுவார். அங்கே அதற்குத்தான் கூடுதல் காசு!

லாகவூலினைக் கடைசிக்கு வையுங்கள், முதலில் குடித்தால் மற்றது இரண்டும் சப்பென்று இருக்கும். பேரிக்காய் வாசம் வரும் கிளென்ஃபிடிக் முதலில். டாலிஸ்கர் நடுவில்: ஸ்கை தீவுச் சரக்கு, லேசான புகை, உப்பு, விழுங்கிய பின் மிளகுக் காரம். அதில் மதுசாரம் 45.8 சதவீதம், கிளென்ஃபிடிக்கில் 40 என்பதால் மெதுவாகக் குடியுங்கள்.

பண்டாரவளை:
ஹட்டன் குளிருக்கு ஐஸா? மணமெல்லாம் அடங்கிவிடும் மச்சான். வாய் குறுகின கிளாஸில் கொஞ்சமாக ஊற்றி, உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றி மோந்து பார். முதல் வாய் சும்மா, அப்புறம் சில சொட்டுத் தண்ணீர். புகை மணத்துக்குக் காரணமான குவயக்கால், தண்ணீர் சேர்ந்தால் மேற்பரப்புக்கு வரும் என்று 2017ல் சுவீடன்காரர்கள் கணினியில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் நல்லது, குளோரின் மணக்கிற குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

கொட்டகலை அக்கா:
நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீங்க, ஸ்கொட்ச்சில் கேரமல் நிறம் சேர்க்கச் சட்டமே விடுகிறது. 16 என்றதும் 10ஐவிட ஒசத்தி என்றும் இல்லை, அந்த எண் போத்தலில் சேர்ந்திருக்கும் விஸ்கிகளில் ஆகக் குறைந்த வயது, அவ்வளவுதான். எனக்கு டாலிஸ்கர்தான். கோழி டெவல் மூன்றும் முடிந்த பிறகு வரட்டும், மிளகாய் தின்ற நாக்கில் அந்த மிளகு எங்கே தெரியப்போகிறது?