ஈஸ்ட் ஹாமில் பழைய வீடு: நமக்கு முன்னால் யார் இருந்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பார்க்கிங் ரோடு வாசி:

எல்லோருக்கும் வணக்கம். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில், வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய டெரஸ் வீடுகளில் ஒன்றை வாங்கிக் குடிவந்திருக்கிறோம். கொல்லையில் செங்கல்லில் கட்டிய கழிப்பறை ஒன்று இன்னும் நிற்கிறது, இப்போது பிள்ளைகளின் சைக்கிள் அதற்குள். படுக்கையறைகளில் கணப்பு இருந்த இடத்தை யாரோ பலகை வைத்து அடைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் மாடிச் சுவரில் ஒரு கல், அதில் ஒரு பெண் பெயரும் வில்லாஸ் என்ற சொல்லும் தெரிகிறது, ஆண்டு இருந்த இடம் மட்டும் பெயின்ட் பூசிப் பூசி மறைந்துவிட்டது. வீடு வாங்கித் தந்த வக்கீலிடம், அதாவது சொலிசிட்டரிடம் கேட்டால் லேண்ட் ரெஜிஸ்ட்ரி தாளைக் காட்டுகிறார், அதில் 1990-களுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இந்த வீட்டில் முதலில் யார் இருந்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? இன்னொன்று, எதிர்வரிசையில் நான்கு வீடுகள் மட்டும் வேறு மாதிரி இருக்கின்றன, ஏன்? அப்புறம், 70, 80-களில் இந்தப் பக்கம் இருந்த பெரியவர்கள் யாராவது இருந்தால் அந்தக் காலத்து ஊரைப் பற்றியும் எழுதுங்களேன்.

நூலகப்பூச்சி:

வழி நிறைய இருக்கிறது. முதலில் ஒரு விஷயம்: தேடும்போது லண்டன் என்று போட்டுத் தேடாதீர்கள். ஈஸ்ட் ஹாம் 1965 வரை பக்கத்து எசெக்ஸ் மாவட்டக் கணக்கில்தான் இருந்தது, அந்த வருஷம்தான் ஈஸ்ட் ஹாமையும் வெஸ்ட் ஹாமையும் சேர்த்து லண்டனின் நியூஹாம் ஆக்கினார்கள். இது தெரியாமல் லண்டன் பக்கங்களில் மணிக்கணக்காகத் தேடி, ஒன்றும் இல்லை என்று விட்டவர்கள் நிறையப் பேர்.

1911 சென்சஸில் தொடங்குங்கள். அதற்கு முந்தையவற்றில் கணக்கெடுப்பவர் தன் புத்தகத்தில் எழுதியதுதான் நமக்குக் கிடைக்கிறது, 1911-இல்தான் குடும்பத் தலைவரே தன் கையால் நிரப்பிய தாள் இருக்கிறது. கையெழுத்தையே பார்க்கலாம். எத்தனை வருஷம் முன் கல்யாணம், எத்தனை பிள்ளை பிறந்தது, அதில் எத்தனை உயிரோடு, எத்தனை இறந்தது என்று அதில் வரிசையாகக் கேட்டிருப்பார்கள். அந்தக் கட்டங்களைப் படிக்கும்போது மனசு கொஞ்சம் கனக்கும், சொல்லிவிட்டேன்.

அடுத்தது 1921 சென்சஸ், 2022 ஜனவரியில்தான் வெளியிட்டார்கள். இணையத்தில் காசு கேட்கும், லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போனால் இலவசமாகப் பார்க்கலாம். 1931 சென்சஸைத் தேடி அலைய வேண்டாம், 1942 டிசம்பரில் ஹேய்ஸில் வைத்திருந்த இடத்தில் தீப்பிடித்து எல்லாம் போயிற்று. குண்டு விழுந்து எரிந்தது என்று பலர் நினைக்கிறார்கள், அது குண்டு இல்லை. 1941-இல் போர் நடந்ததால் எடுக்கவே இல்லை. ஆக, நடுவில் இருப்பது 1939 செப்டம்பர் 29-இல் எடுத்த பதிவேடு ஒன்றுதான். அடையாள அட்டை கொடுப்பதற்காக எடுத்தது, பிற்பாடு தேசிய சுகாதாரச் சேவையும் அதையே பயன்படுத்தியதால் கல்யாணமான பெண்களின் பழைய குடும்பப் பெயரை அடித்துப் புதியதை மேலே எழுதியிருப்பார்கள். பிறந்து நூறு வருஷம் ஆகாதவர்களின் வரி, இறந்தது தெரிந்தால் ஒழிய, மூடியிருக்கும்.

வாக்காளர் பட்டியலும் நல்லதுதான், ஆனால் 1918-க்கு முன்னால் அதில் பெண்கள் பெயர் அநேகமாக இருக்காது, ஆண்களிலும் எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. உங்கள் வீட்டுப் பத்திரங்களைப் பொறுத்தவரை, பதிவு முடிந்ததும் பழைய தாள்கள் எதற்கு என்று பலர் குப்பையில் போட்டுவிட்டார்கள். முன்பு வைத்திருந்தவரின் சொலிசிட்டரை ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

அந்த வில்லாஸ் கல்லை விடாதீர்கள். தெரு பாதி கட்டியிருக்கும்போது கதவு எண் நிலையாக இருக்காது, ஆரம்ப காலப் பதிவுகளில் அந்தப் பெயரில்தான் வீட்டைக் குறித்திருப்பார்கள். இந்த ஊர் அவ்வளவு வேகமாக வளர்ந்தது. 1891-இல் சுமார் 33,000 பேர், 1901-இல் சுமார் 96,000. 1903-இல் திறந்த டவுன் ஹாலின் சிவப்புச் செங்கல்லையும் மணிக்கூண்டையும் பார்த்தாலே அன்றைக்கு ஊருக்கு இருந்த மிதப்பு தெரியும்.

எதிர்வரிசை நான்கு வீடு அநேகமாகக் குண்டு விழுந்த இடம்தான். 1940 செப்டம்பர் 7-ஆம் தேதி துறைமுகத்தைக் குறிவைத்துத் தொடங்கிய குண்டுவீச்சில் இந்தப் பக்கம் நன்றாக அடி வாங்கியது. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் இலவசமாக இருக்கின்றன, பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், இங்கிலாந்தும் வேல்ஸும் அதில் உண்டு. போருக்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மணியண்ணை:

தம்பி, நான் 1979-இல் படிக்க வந்தவன். மேனர் பார்க்கில் ஒரு அறை. மீட்டருக்குள் 50 பென்ஸ் போட்டால்தான் கரண்ட் வரும், சமைத்துக்கொண்டிருக்கும்போது டக்கென்று நின்றால் இருட்டுக்குள் எல்லோருடைய கோட் பைகளையும் தடவ வேண்டியதுதான். குளிருக்கு மண்ணெண்ணெய் ஹீட்டர். அறை சூடாகும், ஆனால் விடியும்போது ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து கீழே பலகையில் தேங்கி நிற்கும், சுவர்த் தாளில் பூஞ்சணம், போடுகிற சட்டை எல்லாம் அந்த மணம். வகுப்பில் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று மணத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

போன் என்றால் சிவப்புப் பெட்டிதான். அந்தப்பக்கம் ஆள் எடுத்த உடனே பிப் பிப் பிப் என்று கத்தும், அதற்குள் 10 பென்ஸைத் திணிக்க வேண்டும், ஓட்டை இறுக்கமாக இருக்கும், விரல் விறைத்திருக்கும், பாதி நேரம் ஹலோ சொல்வதற்கு முன்பே கட்டாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் செத்துக் கிடக்கும். பெரிய கடைகள் ஞாயிறு திறக்கலாம் என்று சட்டம் வந்ததே 1994-இல்தான். பப் கூட மத்தியானம் மூடிவிட்டுச் சாயந்தரம்தான் திறக்கும், ஞாயிறுகளில் 1995 வரைக்கும் அப்படித்தான். கோயில் என்றால் 1981-இல் விம்பிள்டனில் பிள்ளையார் கோயில் வந்த பிறகு அங்கே போவோம், இந்தப் பக்கத்திலிருந்து அது ஒரு பயணம்.

சனிக்கிழமை மட்டும் வேறு உலகம். அப்டன் பார்க் ஸ்டேஷனிலிருந்து மைதானம் வரைக்கும் தெரு முழுக்க வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் சட்டை, வெங்காயம் வதங்குகிற வாசனை, குதிரைப் போலீஸ். 1980 மே மாதம் ஆர்சனலை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையை எடுத்தார்கள், டிரெவர் புரூக்கிங் தலையால் அடித்த கோல். கிரிக்கெட்டைத் தவிர வேறு தெரியாத நானே அன்றைக்குக் கத்தினேன். 2016-இல் அந்த மைதானத்தை விட்டுப் போனார்கள், இப்போது அங்கே அடுக்குமாடி.

பெக்டன் பக்கம் போகிறபோது ஒரு மேடு தெரியுமே, அது இயற்கையான குன்று இல்லை. 1870-இல் தொடங்கிய பெரிய காஸ் ஆலையின் கழிவுக் குவியல். பெக் என்பவர் அந்தக் கம்பெனியின் தலைவர், அவர் பெயர்தான் ஊருக்கு. ஊர்க்காரர்கள் அதை பெக்டன் ஆல்ப்ஸ் என்பார்கள், அது கிண்டல். பிற்பாடு கிண்டலை நிஜமாக்கி, செயற்கைத் தரை போட்டு பனிச்சறுக்கு மையம் நடத்தினார்கள், 2001 வரை ஓடியது. உங்கள் வீட்டில் முதலில் இருந்தவர் அங்கே அல்லது பக்கத்துத் துறைமுகமான ராயல் டாக்ஸில் வேலை பார்த்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. டாக்ஸ் 1981-இல் மூடியது, ஆறு வருஷத்தில் அங்கே விமான நிலையமே வந்துவிட்டது.

கிரீன் ஸ்ட்ரீட் மகள்:

மணி அங்கிள், நீங்கள் எழுதியது அருமை, ஆனால் அந்தக் கோப்பைக்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து நடந்ததையும் எழுதியிருக்கலாம். 1980 ஜூலையில் அக்தர் அலி பேக் என்ற இளைஞரை ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷன் பக்கத்தில், ஹை ஸ்ட்ரீட் நார்த்தில், பட்டப்பகலில் இனவெறிக் கும்பல் குத்திக் கொன்றது. அதற்குப் பிறகு ஆசிய இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். போட்டி நடக்கும் சனிக்கிழமைகளில் எங்களை வெளியே விடமாட்டார் அப்பா, கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருப்பார். ஒரே தெரு, ஒரே நாள், உங்களுக்கு வெங்காய வாசனை, எங்களுக்கு ஷட்டர்.

மணியண்ணை:

சரிதான் மகள். நாங்களும் இருட்டினால் தனியாகப் போகமாட்டோம், மூன்று பேராகத்தான் போவோம். எழுதும்போது கை தானாக நல்லதைத்தான் எடுக்கிறது.

டோர்செட்டில் ஒருத்தி:

லண்டன்காரர்களுக்குப் பதிவேடாவது தெருத்தெருவாக இருக்கிறது. கிராமத்தில் கதவு எண்ணே கிடையாது, சென்சஸில் ஒரு பக்கம் முழுக்க ஊர்ப் பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வரும். எங்களுக்குக் கை கொடுப்பது டைத் என்ற தேவாலய வரிக்காக 1836 சட்டத்துக்குப் பிறகு வரைந்த வரைபடங்கள், எந்த வயல் யாருடையது, யார் உழுதார் என்பதுவரை அவற்றோடு சேர்ந்த பட்டியலில் இருக்கும். அப்புறம் தேவாலயப் பதிவேடு, போர் நினைவுத்தூண்.

கேள்விக்குக் கொஞ்சம் வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே டைன்ஹாம் என்று ஒரு ஊர். 1943 நவம்பரில் ராணுவப் பயிற்சிக்கு வேண்டும் என்று சொல்லி, கிறிஸ்துமஸுக்குள் எல்லோரையும் கிளம்பச் சொன்னார்கள். போகும்போது, தேவாலயத்தையும் வீடுகளையும் பத்திரமாகப் பாருங்கள், ஒரு நாள் திரும்பி வருவோம் என்ற பொருளில் தேவாலயக் கதவில் ஒரு தாளைக் குத்திவிட்டுப் போனார்கள். 1948-இல் அரசாங்கம் ஊரையே எடுத்துக்கொண்டது, ஒருவரும் திரும்பவில்லை. வீடுகள் கூரையில்லாமல் நிற்கின்றன, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பெயர் போட்ட கோட் மாட்டும் ஆணிகளைப் பார்க்கலாம். என் மாமியார் யாழ்ப்பாணத்துப் பலாலிப் பக்கம், அங்கேயும் ராணுவம் ஊரை எடுத்துக்கொண்டது. அந்தத் தாளில் இருப்பதைச் சொன்னதும், "எங்களுக்கும் இதைத்தானே சொன்னவங்கள்" என்றார், பிறகு சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். வில்ட்ஷயரில் இம்பர் என்று இன்னொன்று இருக்கிறது, அதே வருஷம், அதே கதை. டைன்ஹாமுக்கு அநேகமாக வாரக்கடைசியில் விடுவார்கள், ஆனால் சுடும் பயிற்சி இல்லாத நாளா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பார்க்கிங் ரோடு வாசி:

எல்லோருக்கும் நன்றி. நூலகக் கணினியில் 1911 தாள் கிடைத்துவிட்டது! குடும்பத் தலைவர் காஸ் ஆலையில் ஸ்டோக்கர், அதாவது உலையில் கரி போடுபவர், மணி அண்ணை சொன்னதுபோலவே. கையெழுத்து சாய்ந்து சாய்ந்து, ஆனால் ஒரு அடித்தல் இல்லை. பிறந்த பிள்ளைகள் 8, உயிரோடு 6. ஒரு வாடகைக்காரரையும் சேர்த்து 9 பேர், அறைகள் 5 என்று போட்டிருக்கிறார். சமையலறையும் அந்த 5-இல் சேர்த்தியா?

நூலகப்பூச்சி:

சேர்த்திதான். குளியலறை, நடை, பாத்திரம் கழுவும் இடம் இதெல்லாம்தான் சேராது. 1921-ஐயும் பார்த்துவிடுங்கள், அதில் வேலை கொடுத்தவர் பெயரையும் எழுதியிருப்பார்கள்.

மணியண்ணை:

9 பேரா? நாங்கள் அதே அளவு வீட்டில் 11 பேர் இருந்தோம் தம்பி. வீட்டுக்காரர் வாடகை வாங்க வருகிற நாளில் மட்டும் 6 பேர்.

டோர்செட்டில் ஒருத்தி:

மகன்களில் 1890-களில் பிறந்தவர்கள் யாராவது இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் குடும்பப் பெயரைப் போட்டுப் பாருங்கள், இலவசம். பெற்றோரின் முகவரி சில பதிவுகளில் இருக்கும், உங்கள் தெருப் பெயர் வந்தால் அவர்தான்.