ஃபோர்டு ஏன் போச்சு, ஹூண்டாய் எப்படி நின்னுச்சு?

சிங்கபெருமாள்கோயில்வாசி:
தினம் ஜிஎஸ்டி ரோட்ல வேலைக்குப் போறப்ப ஃபோர்டு காம்பவுண்டைத் தாண்டித்தான் போறேன். முன்னாடியெல்லாம் ஷிப்ட் விடுற டைம்ல பஸ்ஸா நிக்கும், எதிர்ல டீக்கடைல நிக்கவே இடம் இருக்காது. இப்ப கேட்ல செக்யூரிட்டி மட்டும்தான் தெரியறார்.

என் டவுட்டு இதான். ஃபோர்டு, ஹூண்டாய் ரெண்டு பேரும் தொண்ணூறுகள் நடுவுலதான் சென்னைப் பக்கம் வந்தாங்க. ஹூண்டாய் 2024ல 27,870 கோடிக்கு ஷேர் வித்து ரெக்கார்டு போட்டார், ஃபோர்டு 2021 செப்டம்பர்ல இங்க கார் பண்றதையே நிறுத்தறோம்னு அறிவிச்சிட்டார், அதுவும் பத்து வருஷத்துல 200 கோடி டாலருக்கு மேல நஷ்டம்னு அவங்களே சொன்னாங்க. எங்கப்பா இன்னும் 2004 ஃபோர்டு ஐகான் ஓட்டறார், வண்டி கல்லு மாதிரி இருக்கு. நல்ல வண்டி பண்ணவன் எப்படிங்க தோத்தான்? நெட்ல தேடினா "இந்திய வாடிக்கையாளரைப் புரிந்துகொள்ளவில்லை"ன்னு ஒரே வரிய எல்லாரும் எழுதி வச்சிருக்காங்க, அப்படின்னா என்னன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

பழைய_ஸ்பேனர்:
தம்பி, அந்த ஒரு வரிக்கு அர்த்தம் சைஸும் விலையும்தான். ஃபோர்டு மஹிந்திராவோட சேர்ந்து 96ல கொண்டு வந்தது எஸ்கார்ட், பெரிய செடான், அன்னிக்கு ஊரே மாருதி 800ல போயிட்டு இருந்துச்சு. ஹூண்டாய் 98ல முதல் வண்டியாவே சான்ட்ரோவ இறக்கினான், 2.99 லட்சத்துல ஆரம்பம். அந்த உயரமான கூரைய பாத்து "என்னடா கோழிக்கூடு மாதிரி இருக்கு"ன்னு சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தன். ஆனா வயசானவங்க குனியாம ஏறி இறங்கலாம், புடவை கட்டினவங்களுக்கும் வசதி. பேர் தெரியாத கம்பெனிக்கு ஷாருக் கானே டிவில வந்து பேசினார். அவ்ளோதான், குடும்பம் குடும்பமா ஷோரூம் போனாங்க.

ஃபோர்டு சரியான சின்ன வண்டியா ஃபிகோவ இறக்கினது எப்ப தெரியுமா? 2010. வந்து பதினாலு வருஷம் கழிச்சு! நடுவுல 2006 பட்ஜெட்ல 4 மீட்டருக்குள்ள இருந்தா, பெட்ரோல் 1200 சிசிக்குள்ள, டீசல் 1500 சிசிக்குள்ள இருந்தா எக்ஸைஸ் வரி 24ல இருந்து 16 பர்சன்ட்னு குறைச்சுட்டாங்க. ஃபோர்டு ஃபியூஷன் நீளம் 4 மீட்டர ஒரு விரக்கடை தாண்டும், இஞ்சின் வேற 1.6 லிட்டர், அதாவது 1600 சிசி, ரெண்டுலயும் சலுகை போச்சு. இத நெனச்சா இப்பவும் சிரிப்பு வருது. அப்புறம் 2013ல எக்கோஸ்போர்ட் 3999 மில்லிமீட்டர், கணக்கா அளந்து வெட்டினான், ஆனா அதுலயும் 1.5 பெட்ரோலுக்கு சலுகை கிடைக்கல.

ஒரகடம்_குவாலிட்டி:
ஸ்பேனர் அண்ணன் சொன்னது கஸ்டமர் பக்கம். நான் பார்ட்ஸ் பக்கத்துல இருந்து சொல்றேன். பன்னெண்டு வருஷம் ஒரு வெண்டர் கம்பெனில குவாலிட்டில இருந்தேன், பல நாட்டு கார் கம்பெனிக்கு சப்ளை பண்ணோம், பேரெல்லாம் வேணாம். ஒரு ரப்பர் புஷ், அதான் சஸ்பென்ஷன்ல அதிர்ச்சி தாங்கற ரப்பர் துண்டு, நம்ம ரோட்டுக் குழிக்கு சீக்கிரம் கிழியுது, கலவைய கொஞ்சம் மாத்தினா சரியாயிடும்னு எங்களுக்கே தெரியும். ஒரு கம்பெனிக்கு அனுப்பினா டிராயிங் மாத்தணும், கடல் தாண்டி அப்ரூவல் வரணும், ஒம்போது மாசம் மெயில் போட்டுட்டே இருந்தோம். இன்னொரு கம்பெனி ஆளு ராத்திரி பதினோரு மணிக்கு எங்க ஷாப் ஃப்ளோர்ல வந்து நின்னு, கிழிஞ்ச பீஸ கைல வச்சு மார்க்கர்ல வட்டம் போட்டுக் குடுத்துட்டு, அடுத்த வாரம் சாம்பிள் வேணும்னு சொல்லிட்டுப் போனார். திட்டும் நெறைய வாங்கினோம், அது வேற கத. முடிவெடுக்கற ஆளு எந்த நாட்டுல உக்காந்திருக்கார்ங்கறதுலதான் பாதி விஷயம் இருக்கு.

ஹூண்டாய் வரும்போது கொரியா வெண்டர்களையும் கூடவே கூட்டிட்டு வந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துலயே உக்கார வச்சாங்க. பார்ட்ட இங்கயே பண்ணினா டாலர் ஏறினாலும் பெருசா அடி விழாது.

எதிர்க்கட்சி_எழுமலை:
எல்லாம் சரி, ஆனா கொரியான்னாலே ஜெயிக்கும்னு நெனச்சா டேவூவ ஞாபகம் வச்சுக்கோங்க. மாடிஸ் நல்ல சின்ன வண்டி, சான்ட்ரோ வந்த அதே 98லதான் வந்துச்சு, அங்க தாய் கம்பெனி கவுந்ததும் இங்கயும் முடிஞ்சுது. சந்தைய புரிஞ்சுக்கிட்டா மட்டும் போதாதுன்னு இதுலயே தெரியல?

அதே மாதிரி ஃபோர்டு நம்மள மட்டும் விட்டுட்டுப் போகல. அதே 2021 ஜனவரில பிரேசில்லயும் ஆலைய மூடறோம்னுட்டான், அங்க நூறு வருஷமா இருந்தவன். 2018லயே அமெரிக்காவுல செடான் எல்லாத்தையும் விட்டுடறோம்னு சொல்லியாச்சு, பிக்கப்புலயும் எஸ்யூவிலயும் காசு கொட்டுது, அத விட்டுட்டு இங்க ஒவ்வொரு ஆயிரம் ரூபாய்க்கும் மாருதியோட யாரு மல்லுக்கட்டுவா? ஷெவர்லே வித்துட்டு இருந்த ஜிஎம்மும் (ஜெனரல் மோட்டார்ஸ்) 2017ல இங்க விக்கறத நிறுத்தினான்.

அதோட சொந்தத் தப்பும் இருக்கு, விக்காத நேரத்துல குஜராத் சனந்துல 2015ல இன்னொரு ஆலை தொறந்தான். ரெண்டும் சேர்த்து வருஷத்துக்கு நாலு லட்சம் வண்டி பண்ற இடத்துல கடைசில பாதி கூட ஓடல, சும்மா நிக்கற மெஷினுக்கும் வட்டி உண்டுல்ல. சனந்த இப்ப டாடா வாங்கிட்டாங்க. எக்கோஸ்போர்ட் ஹிட்டானப்பவே அடுத்த வண்டிய இறக்கியிருக்கணும், அதயே டச்சப் பண்ணி பண்ணி ஓட்டினான், அதுக்குள்ள பிரெஸ்ஸா, நெக்ஸான், வென்யூன்னு மத்த கம்பெனிக்காரங்க போட்டிக்கு வரிசையா வந்துட்டாங்க.

சிங்கபெருமாள்கோயில்வாசி:
ஸ்பேனர் அண்ணா சொன்னதக் கேட்டு எங்க ஐகான டேப் வச்சு அளந்தேன், 4.14 மீட்டர் வருது, அப்பா "எதுக்குடா வண்டிய அளக்கற"ன்னு பயந்துட்டார், விக்கப் போறேன்னு நெனச்சிட்டார் போல.

எழுமலை சார், அப்ப இங்க மறைமலை நகர் ஃபோர்டு ஆலைல திரும்ப இஞ்சின் பண்ணப் போறாங்கன்னு அரசாங்கத்தோட ஒப்பந்தம் போட்டாங்களே, 3,250 கோடி, 2029னு, அது எதுக்கு?

எதிர்க்கட்சி_எழுமலை:
அது ஏற்றுமதிக்கு தம்பி. இங்க செய்வான், இங்க விக்க மாட்டான். டீக்கடைக்காரருக்கு நல்ல சேதி, உங்கப்பா வண்டிக்குப் பார்ட் வருமான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க.