கார்பன் நானோகுழாய்ப் பொடி: என்95 போதுமா?

எபாக்சி_தகடு:
வணக்கம். எபாக்சியில் எடையில் 0.5 சதவீதம் பல்சுவர் கார்பன் நானோகுழாய் சேர்த்துத் தகடு வார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அரை கிராம் எடுத்து எத்தனாலில் போட்டு, ப்ரோப் சோனிகேட்டரால் (மீயொலியில் அதிரும் கோலால்) கலைக்கிற முறை. என்95 முகக்கவசம் 300 நானோமீட்டர் வரைதான் தடுக்கும் என்கிறார்கள். இந்தக் குழாயின் விட்டமோ 10–20 நானோமீட்டர். உள்ளே போய்விடாதா? ஃபியூம் ஹூடை (காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டியை) முழு வேகத்தில் ஓட விட்டால் சரியாகுமா? மிச்சத்தை சிங்க்கில் ஊற்றலாமா?

வடிதாள்:
300 என்பது கீழ் எல்லை அல்ல. வடிகட்டிக்குப் பிடிக்கக் கடினமான அளவு அது, அவ்வளவுதான். அதைவிடச் சிறிய துகள் காற்று மூலக்கூறுகள் மோதி அலைக்கழிவதால் இழையில் போய் ஒட்டிக்கொள்ளும். என்95 இழையில் மின்னேற்றம் இருப்பதால் அதன் பலவீனமான அளவு இன்னும் கீழே, 50 நானோமீட்டரை ஒட்டி வருகிறது. அங்கேயும் ஊடுருவல் சுமார் 5 சதவீதம்தான். தவிர, குழாய்கள் பெரும்பாலும் சிக்குண்டு கட்டியாகத்தான் பறக்கும்.

உண்மையான ஓட்டை கன்னத்து ஓரத்தில் இருக்கிறது. தாடி இருந்தால் எந்த கவசமும் ஒட்டாது. சர்ஜிக்கல் மாஸ்க் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். எத்தனால் நனைத்தால் இழையின் மின்னேற்றம் போய்விடும். ஸ்பிரிட்டால் துடைத்து மறுபடி போடாதீர்கள்.

ஆனால் கவசம் கடைசி அரண். முதலில் பொடி பறக்காமல் பார்க்க வேண்டும்.

தராசு_முள்:
ஹூடை முழு வேகத்தில் வைப்பது தவறு. முகப்பில் நொடிக்கு 0.4–0.6 மீட்டர் போதும். வேகம் கூடினால் முன்னால் நிற்பவரின் உடம்பைச் சுற்றிச் சுழல் எழுந்து பொடியை வெளியே இழுத்து வரும், தராசும் ஆடும்.

தராசை ஹூடுக்கு வெளியே வையுங்கள். மூடியோடு காலிக் குப்பியை எடை போட்டு, ஹூடுக்குள் பொடியை இட்டு மூடி, வெளிப்புறத்தை ஈரத் துணியால் துடைத்து மறுபடி எடை போடுங்கள். சரியாக 0.500 வரவேண்டும் என்று கரண்டியால் திரும்பத் திரும்பச் சுரண்டும்போதுதான் பறக்கிறது. 0.47 வந்தால் மொத்தக் கலவையை 94 கிராமாக மாற்றிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தட்டில் நிலைமின்னால் பொடி துள்ளும். கண்ணாடிக் குப்பியே நல்லது. எத்தனாலை ஓரமாக, மெதுவாக ஊற்றுங்கள்.

நனைந்த பிறகு ஆபத்து முடிந்தது என்று நினைக்க வேண்டாம். சோனிகேட்டர் எழுப்பும் நுண்திவலையிலும் குழாய்கள் வரும். அதையும் ஹூடுக்குள், பனிக்கட்டித் தொட்டியில், 5 நொடி ஓட்டம் 5 நொடி ஓய்வு என்று செய்யுங்கள். எத்தனால் தீப்பிடிக்கக்கூடியது; சூடேற விடக்கூடாது.

கழிவுத்_தொட்டி:
அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 2013இல் பரிந்துரைத்த வரம்பு, 8 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம். 100 கன மீட்டர் அறையில் 1 மில்லிகிராம் பரவினாலே 10 மைக்ரோகிராம் ஆகிவிடும். நீங்கள் எடுப்பது 500 மில்லிகிராம்.

நீண்டு விறைப்பாக இருக்கும் குழாய்கள் எலிகளில் கல்நார் போன்ற விளைவைக் காட்டின. புற்றுநோய் ஆய்வுக்கான உலக முகமையான ஐஏஆர்சி, எம்டபிள்யூசிஎன்டி-7 என்ற ஒரு பல்சுவர் வகையை மட்டும் 2பி பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் வைத்தது. மற்றவற்றை வகைப்படுத்தத் தரவு போதவில்லை; அதைப் ‘பாதுகாப்பானது’ என்று படிக்காதீர்கள். வாங்கிய பொடியின் நீளத்தைத் தரவுத்தாளில் பாருங்கள்.

சிங்க்கில் ஊற்றவே கூடாது. கார்பன் குழாய் எளிதில் சிதையாது, சாக்கடைக் கசடில் தங்கிவிடும். திரவம், துடைத்த துணி, கையுறை எல்லாவற்றையும் ‘கார்பன் நானோகுழாய், எத்தனால்’ என்று எழுதி மூடி, அபாயக் கழிவு கையாள உரிமம் உள்ளவர்களிடம் கொடுங்கள். பைகள் இரட்டையாக இருக்கட்டும்.

எபாக்சி_தகடு:
நன்றி. இறுகிய தகட்டை அறுத்துத் தேய்க்கும்போது? கீழே பொடி சிந்திவிட்டால்?

தராசு_முள்:
தேய்ப்பதை நீர் விட்டுச் செய்யுங்கள். அந்த நீரையும் சேகரிக்க வேண்டும். சிந்தினால் விளக்குமாறு, காற்றுக்குழல், வீட்டு வாக்குவம் மூன்றும் கூடாது. ஃபேனை அணைத்து, ஈரத் துணியை மேலே போட்டு, விளிம்பிலிருந்து நடுவுக்கு மடித்து எடுங்கள். ஒரு துணியை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள்.