பேஸ்மன்ட் வாசல் பாதை தினமும் விடிய ஐஸ் ஆகிறது, உப்புப் போட்டும் சரிவரவில்லை. உதவி தேவை (ஸ்காபரோ)

மல்வேர்ன்_மகள்:

எல்லோருக்கும் வணக்கம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டு பேஸ்மன்டில் வாடகைக்கு இருக்கிறோம். வாசல் வீட்டின் பக்கவாட்டில், இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒடுக்கமான பாதையால் வந்து படியில் கீழே இறங்க வேண்டும். ஜனவரியில் மைனஸ் 18 என்று விறைத்தபோதுகூட இவ்வளவு கரைச்சல் இருக்கவில்லை, ஸ்னோ கொட்டினால் அள்ளிப் போட்டுவிட்டு கொஞ்சம் உப்புத் தூவினால் போதும். பெப்ரவரி கடைசியில் இருந்துதான் தலையிடி. பகலில் பிளஸ் 4, 5 என்று வெயில் எறிக்கிறது, இரவில் மைனஸ் 7க்கு இறங்குகிறது, விடிய எழும்பிப் பார்த்தால் பாதையிலும் மேல் இரண்டு படியிலும் ஐஸ். அதுவும் வெள்ளையாகத் தெரிந்தால் பரவாயில்லை, வெறும் ஈரச் சீமெந்து போலத்தான் கிடக்கும், கால் வைத்தால்தான் தெரியும்.

நான் ஐந்தரைக்கு வேலைக்கு வெளிக்கிட வேண்டும், எப்படியோ கைபிடியைப் பிடித்துச் சமாளிக்கிறேன். அம்மாவை நினைத்தால்தான் பயம். சூப்பர் விசாவில் வந்து நிற்கிறார், 71 வயது, இரத்தம் கட்டிப்படாமல் இருக்க மருந்தும் எடுக்கிறார். வெள்ளிக்கிழமை என்றால் கோயிலுக்குப் போகாமல் இருக்க மாட்டார்.

உப்பை இன்னும் கூடப் போட வேண்டுமா, வேறு வகை உப்பு வாங்க வேண்டுமா? அம்மாவுக்கு என்ன பூட்ஸ் நல்லது? லீஸில் ஸ்னோவும் ஐஸும் அகற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு என்று எழுதியிருக்கிறது, அது சரிதானா?

கூரை_வேலை_அண்ணன்:

தங்கச்சி, உப்பை விடுங்கள், முதலில் ஒரு கேள்வி. அந்தத் தண்ணி எங்கேயிருந்து வருகிறது? ஸ்னோ கொட்டாத நாளிலும் தினமும் ஐஸ் ஆகிறதென்றால் எங்கேயோ இருந்து தினமும் தண்ணி வந்துகொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். பின்னேரம் இரண்டு மணி, மூன்று மணி போல, வெயில் கூரையில் படும் நேரம், வெளியே வந்து நின்று பாருங்கள். கூரை ஓரத்துப் பீலியில் இருந்து இறங்கும் குழாயின் வாய் எங்கே முடிகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், முடிந்தால் படமும் போடுங்கள்.

மல்வேர்ன்_மகள்:

அண்ணா, ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. குழாயின் வாய் பாதையின் ஓரத்திலேயே முடிகிறது, சுவரில் இருந்து ஒரு அடிகூட இல்லை. அதிலிருந்து தண்ணி மெல்லிய கோடாகப் பாதையைக் குறுக்கே வெட்டிப் படிப்பக்கம் ஓடி, முதல் படியின் விளிம்பால் கீழே சொட்டுகிறது. ஐஸ் பிடிக்கும் இடமும் அச்சொட்டாக அந்தக் கோடுதான். மற்றது, நாங்கள் அள்ளிப் போட்ட ஸ்னோ எல்லாம் பாதையின் மேட்டுப் பக்கம்தான் குவிந்திருக்கிறது, அதுவும் உருகி இதே வழியால்தான் வருகிறது.

கூரை_வேலை_அண்ணன்:

அதுதான் விஷயம். ஸ்காபரோவில் இந்த வடிவில் உள்ள வீடுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன், எல்லாவற்றிலும் இதே கதை. கூரையில் வெயில் படுகிறது, ஸ்னோ உருகுகிறது. கீழே இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள பாதைக்கு நாள் முழுக்க வெயிலே இல்லை, சீமெந்து விறைத்துப்போய்த்தான் கிடக்கும். மேலே இருந்து வரும் தண்ணி அந்த விறைத்த நிலத்தில் பரவி, பொழுதுபட்டவுடன் உறைகிறது. ஜனவரியில் பகலிலும் மைனஸ் என்பதால் கூரையில் இருந்து ஒன்றும் இறங்கவில்லை, அதனால்தான் அப்போது உங்களுக்குத் தெரியவில்லை. ரொறன்ரோவில் பீலிக் குழாயை நிலத்தடிச் சாக்கடையில் இணைத்து வைக்கக் கூடாது என்று நகரசபை விதி கொண்டுவந்த பிறகு பழைய வீடுகளில் குழாயை வெட்டி வெளியே விட்டார்கள். வெட்டினவர்கள் பலர் தண்ணி பிறகு எங்கே போகும் என்று பார்க்கவில்லை.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. வன்பொருள் கடையில் நீட்டி வளைக்கக்கூடிய நெளிவுக் குழாய் விற்கிறார்கள், அதைக் குழாய் வாயில் மாட்டி ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கி, தண்ணியைப் பாதையைத் தாண்டிப் புல்லுப் பக்கம் விடுங்கள். பாதைக்குக் குறுக்கே குழாய் கிடக்கக் கூடாது, அம்மா அதில் தடக்கி விழுந்தால் வந்த வினை போதும். சுவரோடு ஒட்டி நீளவாக்கில் கொண்டுபோய் வீட்டின் பின்பக்கம் அல்லது முன்பக்கம் இறக்குங்கள், சரிவு தொடர்ந்து கீழ்நோக்கி இருக்க வேண்டும். நடுவில் தொய்ந்தால் அந்த இடத்திலேயே தண்ணி தேங்கி உறைந்து குழாயை அடைத்துவிடும். பக்கத்து வீட்டு வாசலுக்குப் போகாமலும் பாருங்கள். அப்புறம் மேட்டுப் பக்கம் இருக்கும் ஸ்னோக் குவியலை, கொஞ்சம் கொஞ்சமாக என்றாலும், பள்ளப் பக்கம் மாற்றுங்கள்.

படிக்குக் கீழே, கதவடியில், ஒரு சிறிய வடிகால் இருக்கும். இலைச்சருகு அடைத்திருக்கிறதா பாருங்கள். அது அடைத்தால் உருகும் தண்ணி கதவடியில் நின்று உறைந்து, கதவே திறக்காமல் போகும். பேஸ்மன்டுக்கு ஒரு வாசல்தான் என்றால் அது விளையாட்டில்லை.

உப்பு_லொறி:

நான் குளிர்காலத்தில் பிளாசா பார்க்கிங்குகளுக்கு உப்புப் போடும் வேலை செய்கிறேன். அண்ணை சொன்ன தண்ணிக் கதைதான் முதல், உப்பு அதற்குப் பிறகுதான்.

சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைட், மைனஸ் 9, 10 வரைக்கும்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதற்குக் கீழே போனால் போட்ட உப்பு போட்டபடி குறுணியாகக் கிடக்கும். அந்த மாதிரி இரவுகளுக்கு கல்சியம் குளோரைட் கலந்தது வாங்குங்கள், மைனஸ் 25 வரைக்கும் வேலை செய்யும், விலை கூடத்தான். எந்த வெப்பநிலை வரை என்று பையிலேயே போட்டிருக்கும், எழுத்துச் சின்னது, தேடி வாசியுங்கள். உங்களுக்கு மைனஸ் 7 என்றால் சாதாரண உப்பே காணும், நேரம்தான் பிழைக்கிறது. விடிய ஐஸ் ஆன பிறகு போடாதீர்கள். பின்னேரம் வெயில் இறங்க முதல் பாதையில் நிற்கிற தண்ணியையும் சேற்று ஸ்னோவையும் தும்புத்தடியால் தள்ளிவிட்டு, அதன்மேல் மெல்லிசாகத் தூவுங்கள். ஐஸ் சீமெந்தோடு ஒட்டிப்பிடிக்காது, விடிய ஷவலால் தட்டினாலே கழன்று வரும்.

அளவும் முக்கியம். ஒரு கோப்பி மக் உப்பு நடைபாதைச் சதுரம் பத்துக்குக் காணும், குறுணிக்குக் குறுணி மூன்று அங்குலம் இடைவெளி இருந்தால் சரி. அள்ளிக் கொட்டுவதால் கூட உருகாது, சீமெந்து உதிரும், மிச்சமெல்லாம் ஓடைக்கும் ஏரிக்கும்தான் போகும். கடுங்குளிரில் மணல் போடுங்கள், உருக்காது என்றாலும் காலுக்குப் பிடி கொடுக்கும். கொதிதண்ணி ஊற்றுகிற ஆக்களையும் பார்க்கிறேன், தயவு செய்து வேண்டாம், அரை மணித்தியாலத்தில் அதுவே புது ஐஸ்.

நேர்ஸ்_அக்கா:

அம்மா விஷயத்தில் ஒன்று முதலே சொல்லிவிடுகிறேன் பிள்ளை. இரத்தம் கட்டிப்படாமல் இருக்க மருந்து எடுப்பவர் வழுக்கி விழுந்து தலை அடிபட்டால், காயம் இல்லை, நோவு இல்லை, "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவரே சொன்னாலும் உடனே எமர்ஜென்சிக்குக் கொண்டுபோக வேண்டும். மண்டைக்குள் இரத்தம் மெல்ல மெல்லக் கசியலாம், அடுத்த நாள்தான் தெரியவரும். எங்கள் அம்மாக்கள் சொல்லாமல் மறைப்பார்கள், அதனால் விழுந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று இப்போதே சொல்லி வையுங்கள். அவசரம் இல்லாத சந்தேகம் என்றால் 811க்கு எடுத்து நேர்ஸோடு கதைக்கலாம், ஒன்ராறியோவில் இரவு பகல் இருக்கிறது, காசில்லை.

பூட்ஸ் விஷயம். விலையையோ அடிப்பகுதியின் தடிப்பையோ பார்த்து வாங்காதீர்கள். ரொறன்ரோ ரீஹாப் என்ற மறுவாழ்வு மருத்துவமனையின் கைட் ஆய்வகத்தில் உண்மையான ஐஸ் சரிவில் ஆட்களை நடக்கவிட்டுச் சோதிக்கிறார்கள், 7 பாகைச் சரிவில் வழுக்காமல் நின்றால் ஒரு பனித்துகள் அடையாளம். 2016இல் அவர்கள் முதல் பட்டியலை வெளியிட்டபோது சோதித்த பூட்ஸ்களில் பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. ரேட் மை டிரெட்ஸ் என்று அவர்களுடைய இணையத்தளம், அதில் தேறியதைப் பார்த்து வாங்குங்கள். ஐஸ் கிளீட்ஸ் என்று பூட்ஸின் மேல் இழுத்து மாட்டும் ரப்பர், அடியில் இரும்பு முள் இருக்கும், அது இன்னும் நல்லது. ஆனால் கடைக்குள்ளோ கோயில் வாசல் டைல்ஸிலோ அதோடு கால் வைத்தால் சறுக்கும், வாசலிலேயே கழற்ற வேண்டும். குனிந்து கழற்றக் கஷ்டப்படுவார், இருக்க ஒரு கதிரை இருக்கிற இடமாகப் பாருங்கள்.

சேலையோடு போவார் என்றால் கணுக்காலுக்கு மேலே உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள், கீழ்க்கரை நனைந்து விறைத்துப் படியில் மாட்டும். கை பொக்கற்றுக்குள் இருக்கக் கூடாது. சின்ன அடியாக வைத்து, பாதம் முழுவதையும் ஒரேயடியாகப் பதித்து நடக்க வேண்டும். காரில் இருந்து இறங்கும்போது இரண்டு காலையும் நிலத்தில் வைத்த பிறகு, கதவைப் பிடித்துக்கொண்டு எழும்ப வேண்டும். நான் வேலை செய்யும் இடத்தில் இந்த மாதங்களில் மணிக்கட்டு முறிந்து வருபவர்களில் பலர் காருக்கும் வாசலுக்கும் இடையில்தான் விழுந்திருப்பார்கள்.

கோயிலுக்குப் பகல் பதினொரு மணிக்குப் பிறகு போகலாமே? அம்மன் கோபிக்க மாட்டா.

லீஸ்_விளக்கம்:

வாடகைக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஒன்ராறியோவில் வீட்டையும் பொதுப் பாதையையும் பாதுகாப்பாக வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை. லீஸில் ஒரு வரி எழுதி அதைக் குடியிருப்பவர் தலையில் கட்ட முடியாது. 2009இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம், ஐஸில் வழுக்கி விழுந்த ஒரு வாடகைக்காரரின் வழக்கில், மொண்ட்கொமரி எதிர் வான், இதைத்தான் சொன்னது. நீங்கள் அகற்ற வேண்டும் என்று அவர் விரும்பினால் வாடகை ஒப்பந்தத்தில் இருந்து தனியாக, அந்த வேலைக்கென்று ஓர் ஒப்பந்தம், அதற்கொரு கொடுப்பனவோடு இருக்க வேண்டும்.

ஆனால் சண்டைக்குப் போகாதீர்கள். பின்னேரம் தண்ணி ஓடும் படம், விடிய ஐஸாகக் கிடக்கும் படம், இரண்டையும் திகதியோடு குறுஞ்செய்தியில் அனுப்பி, குழாயை நீட்டித் தரும்படி கேளுங்கள். விழுந்தால் அவருக்கும் பிரச்சினை என்பது அவருக்கும் விளங்கும். எழுத்தில் இருப்பது இரண்டு பேருக்கும் நல்லது.

தப்பித்தவறி யாராவது விழுந்தால் நாள் கணக்கு முக்கியம். தனியார் இடத்தில் ஐஸில் விழுந்தால் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும், 2021 ஜனவரியில் இருந்து இந்தச் சட்டம். நகரசபை நடைபாதை என்றால் 10 நாள் மட்டும்தான். எத்தனையோ பேர் நோ மாறட்டும் என்று இருந்து இதைத் தவறவிடுகிறார்கள்.

மல்வேர்ன்_மகள்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வீட்டுக்காரருக்குப் படம் அனுப்பினேன், அன்றைக்கே வந்து பார்த்தார், குழாய் வாங்கித் தந்தார், அவரும் என் கணவரும் சேர்ந்து சுவரோரமாகப் பின்பக்கம் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். பாதை இப்போது காய்ந்திருக்கிறது, படியில் மட்டும் கொஞ்சம் ஐஸ் பிடிக்கிறது, அது குவியலில் இருந்து வருவது. அந்த வடிகாலிலும் ஒரு பிடி மேப்பிள் இலை இருந்தது, எடுத்தாயிற்று.

இன்னொரு கேள்வி. நாளை இரவு ஃப்ரீசிங் ரெயின் என்று எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். அதற்கும் இதே முறைதானா?

உப்பு_லொறி:

இல்லை, அது வேறு சாமான். மேலே சூடான காற்றில் மழையாக உருகி, நிலத்துக்குக் கிட்ட இருக்கும் குளிர் காற்றில் மைனஸுக்குப் போயும் உறையாமல் வந்து, படுகிற இடத்திலேயே உறையும் தண்ணி அது. பாதை மட்டுமல்ல, கைபிடி, காரின் கதவு, மரக்கிளை, மின்கம்பி எல்லாவற்றிலும் பிடிக்கும். மழை தொடங்க முன் உப்புப் போடுங்கள், உதவும், ஆனால் தொடர்ந்து பெய்தால் கழுவிக்கொண்டு போகும், நின்ற பிறகு திரும்பப் போட வேண்டும். பெய்துகொண்டிருக்கும்போது வெளியே போகாமல் இருப்பதுதான் ஒரே வழி. வேலையில் இன்றைக்கே சொல்லி வையுங்கள். கட்டாயம் ஓட வேண்டும் என்றால் பாலங்களில் கவனம், கீழேயும் காற்றுப் போவதால் றோட்டுக்கு முதல் பாலம்தான் உறையும், 401 நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவுகளும் அப்படித்தான்.

கூரை_வேலை_அண்ணன்:

கரண்ட் போகவும் ஆயத்தமாக இருங்கள். 2013 டிசம்பர் ஐஸ் புயலில் ரொறன்ரோவில் மூன்று லட்சம் இணைப்புகள் அளவில் இருளில் கிடந்தன, சில இடங்களில் நத்தார் தாண்டித்தான் வந்தது. 2025 மார்ச் கடைசியில், எல்லோரும் குளிர் முடிந்தது என்று இருந்த நேரம், ஒரில்லியா, பீட்டர்பரோ பக்கம் அதே மாதிரி அடித்தது. போனை இன்றிரவே சார்ஜ் பண்ணுங்கள், அம்மாவின் மருந்தை டோர்ச்சோடு ஒரே இடத்தில் வையுங்கள். கரண்ட் போய் வீடு குளிர்ந்தாலும் கரி அடுப்போ, பார்பிக்யூவோ, கேம்பிங் காஸ் அடுப்போ உள்ளே கொளுத்தக் கூடாது, கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, பேஸ்மன்டில் அது தேங்கி நிற்கும். அலாரத்தின் பட்டனை இப்போதே அமுக்கிப் பாருங்கள், சத்தம் வராவிட்டால் பற்றரி மாற்றுங்கள். முற்றத்தில் கம்பி அறுந்து விழுந்து கிடந்தால் பத்து மீட்டருக்குள் போகாமல் 911க்கு எடுங்கள்.

விடிய முதல் வேலை, கதவைத் திறந்து வடிகால் ஓடுகிறதா என்று பாருங்கள். மழைத்தண்ணி முழுக்க அந்தப் படிக்குழிக்குள்தான் இறங்கும். கதவு ஐஸ் பிடித்துத் திறக்காவிட்டால் இழுத்துப் பிய்க்காமல் மேல் வீட்டில் இருப்பவருக்கு ஃபோன் பண்ணி வெளியே இருந்து உப்புப் போடச் சொல்லுங்கள். அதற்கு ஒரு வாளி உப்பை இன்றைக்கே மேலே, அவருடைய முன்வாசலில் வைத்துவிடுங்கள்.